சொக்லேட் உலகத்துக்குப் போகுமுன்

 

பாடசாலை விடுமுறை நெருங்கினால் பிள்ளைகள் உள்ள வீடுகளில் ஒரே கேள்விதான். "வாப்பா, இந்த முறை எங்க போற?" கொழும்பில் இருப்பவர் தெஹிவளை மிருகக்காட்சிச் சாலையையோ நுவரெலியாவையோ சொல்லிச் சமாளித்துவிடுவார். பிரித்தானியாவில் குடியிருக்கும் நம்மவர்களின் வீடுகளிலோ பிள்ளைகள் பதிலையும் கையில் வைத்துக்கொண்டுதான் கேட்கிறார்கள். பேர்மிங்ஹாம் நகரின் தென்பகுதியில் போர்ன்வில் என்றோர் இடம் இருக்கிறது. அங்கே 1990 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் திறக்கப்பட்ட 'கெட்பரி வேர்ல்ட்' என்னும் சொக்லேட் உலகம்தான் அந்தப் பதில்.

அங்கே வாழும் நம் உறவினர் பலர் போகிறார்கள். பேரப்பிள்ளைகளைப் பார்க்க இங்கிருந்து செல்லும் உம்மம்மாமாரையும் மூத்தாப்பாமாரையும் கூட்டிக்கொண்டு போகிறார்கள். போவதில் தவறென்ன? இனிப்பு ஆகுமான ஒரு நிஃமத். நபி (ஸல்) அவர்கள் இனிப்பையும் தேனையும் விரும்புபவர்களாக இருந்தார்கள் என்று ஆயிஷா (ரழி) அவர்கள் அறிவிக்கும் செய்தி ஸஹீஹுல் புகாரியில் இருக்கிறது. பிள்ளைகளின் மகிழ்ச்சிக்காக ஒரு நாளை ஒதுக்கும் பெற்றோர் நல்ல பெற்றோரே.

ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். இப்படிப்பட்ட இடங்களில் இரண்டு வகைப் பெற்றோரைக் காணலாம். ஒருவர் சன நெரிசலின் நடுவே, "அதைத் தொடாதே, ஹராம்! இதை வைத்துவிடு, விலை கூட!" என்று சத்தம் போட்டுக்கொண்டே நடப்பவர். மற்றவர் பிள்ளை கையை நீட்டியதையெல்லாம் வாங்கிக் கொடுத்துவிட்டு மாலையில் வயிற்றுவலிக்கு மருந்து தேடுபவர். முதலாமவரின் பிள்ளை, மார்க்கம் என்றால் இனிப்பைப் பறிக்கும் கை என்று எண்ணிக்கொள்கிறது. இரண்டாமவரின் பிள்ளை, காசு இருந்தால் எதையும் கேள்வியின்றி அனுபவிக்கலாம் என்று கற்றுக்கொள்கிறது. இரண்டு பாடங்களும் சொக்லேட்டை விட நீண்ட நாள் உள்ளே தங்கும்.

இந்த இரண்டுக்கும் நடுவழி வீட்டிலேதான் இருக்கிறது. டிக்கட் எடுக்குமுன் ஓர் இரவு எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து மஷூரா செய்யுங்கள். சின்னவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் முடிவான விஷயத்துக்குக் கடை வாசலில் அழுகை வராது. வந்தாலும் சீக்கிரம் அடங்கிவிடும். அந்த மஷூராவில் பேச வேண்டியவற்றைக் கீழே தருகிறேன்.

அங்கே என்ன இருக்கிறது?

முதலில், அங்கே இருப்பது என்ன, இல்லாதது என்ன என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுங்கள். ரோல்ட் டால் என்ற எழுத்தாளர் சிறுவனாக ரெப்டன் பாடசாலையில் படித்தபோது, கெட்பரி நிறுவனம் புதிய சொக்லேட்டுகளை ருசி பார்த்துச் சொல்லும்படி அங்குள்ள மாணவர்களுக்கு அனுப்பி வைக்குமாம். அந்த நினைவிலிருந்துதான் 1964 இல் வெளிவந்த அவருடைய சொக்லேட் தொழிற்சாலைக் கதை பிறந்தது. அதைப் படித்த, படமாகப் பார்த்த பிள்ளைகள் சொக்லேட் ஆறு ஓடும் என்று நம்பிக்கொண்டு போகிறார்கள். ஆறு எதுவும் ஓடாது. உண்மையான தொழிற்சாலை பக்கத்தில் இயங்குகிறது என்றாலும், பார்வையாளர் நடந்து பார்ப்பது அதன் அருகே அமைக்கப்பட்ட காட்சிக்கூடங்களையே. மத்திய அமெரிக்கக் காடு, பேர்மிங்ஹாமின் பழைய கடைவீதி, சொக்லேட் செய்து காட்டும் இடம், அசையும் ஆசனங்களில் இருந்து பார்க்கும் படம், வெளியே விளையாட்டுத் திடல், இறுதியில் பெரியதொரு கடை. இப்படித்தான் ஒழுங்கு.

நுழைவதற்கு நாளும் நேரமும் குறித்து முன்கூட்டியே பதிவு செய்துகொள்ள வேண்டும். பாடசாலை விடுமுறைக் காலத்தில் வாசலில் போய் நின்று இடம் கேட்பது புத்திசாலித்தனமல்ல. முடிந்தால் காலை நேரத்தை எடுங்கள். மூன்று மணித்தியாலமாவது தேவைப்படும். பேர்மிங்ஹாம் நியூ ஸ்ட்ரீட் நிலையத்திலிருந்து போர்ன்வில்லுக்குப் புகையிரதம் உண்டு. அந்தச் சிறிய நிலையத்துக்கே கெட்பரியின் ஊதா நிறம் பூசியிருக்கிறார்கள். இறங்கும்போதே பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம் தொடங்கிவிடும். நிலையத்திலிருந்து கொஞ்ச தூரம் நடக்க வேண்டும். முழங்கால் வலியுள்ள உம்மம்மா கூட வருவதானால் அதையும் கணக்கில் எடுங்கள்.

போகுமுன் வயிறு நிறைய உறைப்பான சாப்பாடு ஒன்று கொடுங்கள். பசித்த பிள்ளையை இனிப்புக் கடைக்குள் விடுவது பூனையைக் கருவாட்டுக் கடையில் விடுவது போலத்தான். பேர்மிங்ஹாம் மக்களில் சுமார் 30 வீதமானோர் முஸ்லிம்கள் என்று 2021 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீடு சொல்கிறது. ஹலால் சாப்பாட்டுக் கடைகளுக்கு அங்கே பஞ்சமில்லை.

ஹலாலை எப்படிப் பார்ப்பது?

பயமும் அலட்சியமும் சரிசமமாக உலாவும் இடம் இது. நிதானமாகப் பார்ப்போம்.

சாதாரண பால் சொக்லேட்டில் இருப்பவை பால், சீனி, கொக்கோ, கொக்கோ பட்டர், தாவரக் கொழுப்பு, கலவையைச் சேர்த்துப் பிடிக்கும் பொருட்கள் ஆகியவை. கொக்கோ பட்டர் என்பது கொக்கோ விதையில் உள்ள கொழுப்பு. 'ஈ 322' என்பது லெசித்தின். சொக்லேட்டில் பெரும்பாலும் சோயாவிலிருந்து எடுத்ததைச் சேர்க்கிறார்கள். 'ஈ 476' பொதுவாக ஆமணக்கெண்ணெயிலிருந்து செய்யப்படுவது. 'ஈ' என்ற எழுத்தைக் கண்டதும் பதறத் தேவையில்லை.

கவனிக்க வேண்டியவை வேறு. 'ஈ 441' என்பது ஜெலட்டின். மார்ஷ்மெலோ, ஜெலி வகை இனிப்புகளில் அது பெரும்பாலும் இருக்கும். பன்றியிலிருந்தோ, முறைப்படி அறுக்கப்படாத மாட்டிலிருந்தோ அது எடுக்கப்பட்டிருக்கலாம். உருகிய சொக்லேட்டில் விரும்பிய மிட்டாயைப் போட்டுத் தருகிற இடத்தில் பிள்ளைகளின் விரல் நேரே மார்ஷ்மெலோவைத்தான் காட்டும். "நாம் பிஸ்கட் சேர்த்துக் கேட்போம்" என்று வீட்டிலேயே முடிவு செய்துவிட்டால் அங்கே சண்டை இல்லை. 'ஈ 471' தாவரத்திலிருந்தும் வரலாம், மிருகக் கொழுப்பிலிருந்தும் வரலாம். 'ஈ 120' என்பது ஒருவகைப் பூச்சியிலிருந்து எடுக்கும் சிவப்பு நிறம். 'மரக்கறி உண்பவர்களுக்கு ஏற்றது' என்ற குறி உறையில் இருந்தால் ஜெலட்டினும் மிருகக் கொழுப்பும் இல்லை என்று அறியலாம். ஆனால் அந்தக் குறி மதுவைப் பற்றி எதுவும் சொல்லாது. ரம், பிராந்தி, வைன் என்ற பெயர்கள் உள்ளனவா என்று தனியாகப் பார்க்க வேண்டும்.

இங்கே ஒரு பெயர் மயக்கமும் உண்டு. 'கொக்கோ லிக்கர்' என்று சில உறைகளிலும் விளக்கப் பலகைகளிலும் காணலாம். அது வறுத்த கொக்கோ விதையை அரைத்த குழம்பு. மதுவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் சொக்லேட்டுக்குள் அடைக்கும் 'லிக்கியூர்' என்பது இனிப்பூட்டிய மதுவேதான். ஆங்கிலத்தில் எழுத்து ஒன்றுக்கொன்று நெருங்கியது. சட்டம் நேர் எதிரானது. மூத்த பிள்ளையிடம் உறை வாசிக்கும் பொறுப்பைக் கொடுங்கள். "நீ தான் எங்கட வீட்டு பரிசோதகர்" என்று சொல்லுங்கள். தடுக்கப்பட்டதைத் தானே கண்டுபிடிக்கும் பிள்ளைக்கு அது தண்டனையாகத் தெரியாது, கெட்டித்தனமாகத் தெரியும்.

கேள்விப்பட்டதையெல்லாம் நம்பி ஹராம் பட்டியலை நீட்டுவதும் கூடாது. 2014 மே மாதம் மலேசியச் சுகாதார அமைச்சு, அந்நாட்டு கெட்பரி சொக்லேட்டில் இரண்டு வகைகளில் பன்றியின் மரபணுத் தடயம் காணப்பட்டதாக அறிவித்தது. நிறுவனம் அவற்றைக் கடைகளிலிருந்து மீட்டுக்கொண்டது. சில நாட்களின் பின் இஸ்லாமிய அபிவிருத்தித் திணைக்களமான 'ஜாகிம்' வேறு மாதிரிகளை எடுத்துப் பரிசோதித்து, பன்றித் தடயம் எதுவும் இல்லை என்று அறிவித்தது. முதல் செய்தி உலகம் முழுக்கப் பறந்தது. இரண்டாம் செய்தி எத்தனை வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது? செய்தி வந்தால் தெளிவுபடுத்திக்கொள்ளுமாறு சூறா அல்ஹுஜுராத் நமக்குக் கற்பிப்பது சொக்லேட்டுக்கும் பொருந்தும். ஒரே பெயருள்ள பொருள் நாட்டுக்கு நாடு வேறு வேறு தொழிற்சாலையில் செய்யப்படுகிறது என்பதையும் மறவாதீர்கள். ஒரு நாட்டின் சான்றிதழ் மற்ற நாட்டுப் பொருளுக்குச் செல்லாது.

தொழுகை நேரம்

பிரித்தானியாவின் குளிர்காலப் பகல் மிகக் குறுகியது. டிசம்பர் மாதத்தில் பேர்மிங்ஹாமில் மதியம் 12 மணிக்குச் சற்றுப் பின் ளுஹர் நேரம் தொடங்கி, சுமார் இரண்டு மணிக்கு அஸர் வந்து, நான்கு மணியளவில் மஃரிபும் நுழைந்துவிடும். சொக்லேட் பார்த்துவிட்டு வருவதற்குள் மூன்று வக்துகள்! ஜூன் மாதத்தில் சூரியன் மறைய இரவு ஒன்பதரை ஆகும். ஆகவே எந்தக் காலத்தில் போகிறீர்கள் என்பதைப் பொறுத்துத் திட்டம் மாறும்.

லண்டனிலிருந்து போகிறவருக்கு வழி சுமார் 190 கிலோ மீற்றர். நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின்படி இது பிரயாணச் சலுகைக்குரிய தூரம். ளுஹரையும் அஸரையும் சேர்த்தும் சுருக்கியும் தொழலாம். பேர்மிங்ஹாமிலேயே குடியிருப்பவருக்கு அந்தச் சலுகை இல்லை. அவர் நேரத்தைப் பார்த்துத்தான் டிக்கட் எடுக்க வேண்டும். அங்கு பணிபுரிவோரிடம் அமைதியான ஓர் ஓரம் கிடைக்குமா என்று பணிவாகக் கேட்டுப் பார்க்கலாம். நகரின் ஹைகேட் பகுதியில் 1975 இல் திறக்கப்பட்ட மத்திய பள்ளிவாசலும் வெகு தூரத்தில் இல்லை. முஸல்லா ஒன்றைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். அதை எடுத்து வைக்கும் வேலையையும் ஒரு பிள்ளைக்கே கொடுங்கள்.

காசும் நீதியும்

கடைசியில் வரும் கடைதான் பெற்றோருக்குப் பரீட்சை மண்டபம். பொருட்களை அடுக்கியிருக்கும் விதமே, வாங்காமல் திரும்பாதே என்று சொல்லும். அதற்கு வீட்டிலேயே மருந்து போடலாம். ஆளுக்கு இவ்வளவு என்று, ஐந்து பவுணோ மூன்று பவுணோ, முதல் நாளே எண்ணி ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் கொடுத்துவிடுங்கள். அதற்குள் என்ன வாங்குவது என்பது அவர் இஷ்டம். மிச்சம் பிடித்தால் மிச்சம் அவருக்கே. தன் காசை எண்ணிப் பார்க்கும் பிள்ளை அடுக்கில் இருப்பதை இரண்டு தரம் யோசித்துத்தான் எடுக்கும்.

கொடுப்பதில் பேதம் வேண்டாம். ஒரு பிள்ளைக்கு மட்டும் அன்பளிப்புக் கொடுத்து அதற்குச் சாட்சி கேட்டு வந்த தோழரிடம், பிள்ளைகளிடையே நீதி பேணுமாறு நபி (ஸல்) அவர்கள் சொன்னதை அறிவீர்கள். சீனி வியாதியுள்ள பிள்ளையோ, கச்சான் போன்றவை ஒத்துக்கொள்ளாத பிள்ளையோ வீட்டில் இருந்தால் அந்தப் பிள்ளைக்குரிய மகிழ்ச்சி என்ன என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். மற்றவர்களுடையதைப் பிறகு பேசுங்கள். ஒரு பிள்ளை கை கட்டி நிற்க மற்றவர் தின்னும் பயணம் பயணமா?

பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஒரு பங்கு ஒதுக்குங்கள். அங்கே எடுத்த படங்களை ஊரில் உள்ள உறவினருக்குக் காட்டும்போதும் கொஞ்சம் நிதானம் தேவை. பால்மா வாங்கவே யோசிக்கும் வீடுகளும் நம் சொந்தத்தில் உண்டு.

கசப்பான விதை

இனிமேல்தான் மஷூராவின் முக்கியமான பகுதி.

ஒரு முறை வகுப்பில் மாணவர்களிடம், சொக்லேட் எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். "கடையில இருந்து ஹஸரத்" என்றார்கள். நம் நாட்டில் மாத்தளை, கண்டிப் பகுதிகளில் கொக்கோ விளைகிறது. பிறகு ஒரு நாள் மாத்தளையிலிருந்து ஒரு காயை எடுத்து வந்து மேசையில் உடைத்தேன். உள்ளே வெள்ளைச் சதை போர்த்திய விதைகள். சதையைச் சூப்பியவர்கள் புளிப்பும் இனிப்புமாக இருக்கிறது என்று சிரித்தார்கள். விதையைக் கடித்தவர்கள் முகம் சுளித்துத் துப்பினார்கள். அவ்வளவு கசப்பு! அந்தக் கசப்பை இனிப்பாக்குவதற்குக் காயை வெட்ட வேண்டும், உடைக்க வேண்டும், விதையைக் குவித்துப் பல நாள் புளிக்க வைக்க வேண்டும், வெயிலில் காயவைக்க வேண்டும், பிறகுதான் வறுப்பதும் அரைப்பதும். முதல் பாதி வேலை முழுவதும் மனிதக் கைகளால் தோட்டத்திலே நடக்கிறது.

அந்தக் கைகள் யாருடையவை? உலகின் கொக்கோவில் பாதிக்கு மேல் ஐவரி கோஸ்ட், கானா என்னும் இரண்டு ஆபிரிக்க நாடுகளிலிருந்து வருகிறது. சிக்காகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த 'நோர்க்' ஆய்வு நிறுவனம் 2020 இல் வெளியிட்ட அறிக்கையின்படி, அவ்விரு நாடுகளின் கொக்கோப் பகுதிகளில் 5 முதல் 17 வயது வரையான சுமார் 15 லட்சத்து 60 ஆயிரம் பிள்ளைகள் கொக்கோவில் சிறுவர் உழைப்பில் ஈடுபட்டிருந்தார்கள். கத்தி பிடிப்பது, பாரம் சுமப்பது போன்ற ஆபத்தான வேலைகளும் அதில் அடங்கும். பெரும்பாலோர் தம் பெற்றோரின் தோட்டத்தில்தான் உழைக்கிறார்கள். கூலிக்கு ஆள் வைக்க அந்தத் தகப்பனிடம் காசு இல்லை. ஐவரி கோஸ்ட்டில் முஸ்லிம்கள் பெருந்தொகையினர். அந்தப் பிள்ளைகளில் எத்தனை இப்ராஹீம்கள், எத்தனை பாத்திமாக்கள்!

போர்ன்வில்லின் வரலாறே இதற்குச் சாட்சி. ஜோன் கெட்பரி 1824 இல் பேர்மிங்ஹாமில் கடை திறந்தார். குவேக்கர் என்னும் கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர். மதுவை வெறுத்தவர். மதுவுக்குப் பதிலாகக் குடிக்கட்டும் என்றே கொக்கோவையும் தேயிலையையும் விற்றார். அவருடைய மக்கள் 1879 இல் தொழிற்சாலையைப் போர்ன்வில்லுக்கு மாற்றினார்கள். தொழிலாளருக்குத் தோட்டத்துடன் கூடிய வீடுகள் எழும்பின. நூறாண்டுக்கு மேலாக மதுச்சாலை இல்லாத ஊராக அது பேணப்பட்டது. பாராட்ட வேண்டியதைப் பாராட்டத்தான் வேண்டும்.

ஆனால் அதே குடும்பம் கொக்கோ வாங்கிய சாவோ தோமே தீவில், அங்கோலாவிலிருந்து கொண்டுவரப்பட்ட மக்கள் அடிமைகளாக உழைக்கிறார்கள் என்ற செய்தி 1901 இல் அவர்களின் காதுக்கு எட்டியது. விசாரித்து வர 1905 இல் ஒருவரை அனுப்பினார்கள். வாங்குவதை நிறுத்தியது 1909 இல். தம்மைக் குறை கூறிய பத்திரிகை மீது 1908 இல் தொடுத்த வழக்கில் அவ்வாண்டில் வென்றார்கள். யூரிமார் அவர்களுக்குக் கொடுத்த நட்டஈடு எவ்வளவு தெரியுமா? கால் பென்னி! தன் ஊரில் தொழிலாளிக்குத் தோட்டம் வைத்துக் கொடுத்த நல்ல மனிதர்களுக்கும், கண்ணுக்குத் தெரியாத தொழிலாளிக்காக வியாபாரத்தை நிறுத்த எட்டு ஆண்டுகள் பிடித்தன. கண்ணுக்குத் தெரியாதவர்களை மறப்பது அவ்வளவு இலகு. நாமும் அதே ஆபத்தில்தான் இருக்கிறோம்.

பணியாளர் உணவைச் சமைத்துக் கொண்டு வந்தால் அவரையும் உட்கார வையுங்கள், இல்லாவிட்டால் ஓரிரு கவளமாவது கொடுங்கள், அதன் சூட்டைத் தாங்கியவர் அவரல்லவா என்ற கருத்தில் ஒரு நபிமொழி புகாரியில் உண்டு. கொக்கோவின் வெயிலைத் தாங்கியவர்களில் பலர் சொக்லேட்டைச் சுவைத்ததே இல்லை.

அதனால் போகாமல் இருந்துவிடுவதா? அப்படிச் சொல்லவில்லை. நம் ஒரு வீடு வாங்காமல் விட்டால் அந்தத் தகப்பனின் வருமானம் உயர்ந்துவிடாது. போங்கள், அறிந்துகொண்டு போங்கள். புறப்படுமுன் ஒரு பிள்ளையிடம் உலக வரைபடத்தைக் கொடுத்து அந்த இரண்டு நாடுகளையும் காட்டச் சொல்லுங்கள். இந்தப் பிள்ளைகளைப் பற்றி அங்கே என்ன எழுதியிருக்கிறது என்று காட்சிக்கூடத்தில் தேடச் சொல்லுங்கள். உறையில் விவசாயிக்கு நியாய விலை தருவதாகச் சொல்லும் முத்திரை எது என்று வாசிக்கச் சொல்லுங்கள். கெட்பரியின் டெய்ரி மில்க் சொக்லேட்டில் 2009 முதல் 'பெயார்ட்ரேட்' முத்திரை இருந்தது. 2016 இல் நிறுவனம் 'கொக்கோ லைஃப்' என்ற தன் சொந்தத் திட்டத்துக்கு மாறுவதாக அறிவித்தது. வெளியார் வைக்கும் கண்ணுக்கும், தானே வைத்துக்கொள்ளும் கண்ணுக்கும் என்ன வித்தியாசம் என்று பிள்ளைகள் கேட்பார்கள். கேட்கட்டும். பணிபுரிவோரிடமும் கேட்கட்டும். நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதட்டும். வாங்குகிறவர்கள் கேட்கும் கேள்விக்கு வியாபாரிகள் காது கொடுப்பார்கள்.

கையில் கொடுத்த காசில் ஒரு சொக்லேட்டின் விலையை அந்நாட்டுப் பிள்ளைகளின் கல்விக்கு உதவும் நம்பிக்கையான ஒரு நிறுவனத்துக்கு ஒதுக்கலாம் என்று மஷூராவில் ஒருவர் பிரேரியுங்கள். கட்டாயப்படுத்தாதீர்கள். பல வேளைகளில் சின்னவர்தான் முதலில் கையை உயர்த்துவார்.

வாசக நெஞ்சங்களே! பிஸ்மி சொல்லி வாயில் போடும் ஒரு துண்டு இனிப்புக்குப் பின்னால் மழை இருக்கிறது, மரம் இருக்கிறது, பால் தந்த பசு இருக்கிறது, வெயிலில் நின்ற ஒரு மனிதர் இருக்கிறார். இத்தனையும் அறிந்து சொல்லும் அல்ஹம்துலில்லாஹ்வுக்குக் கனம் அதிகம். இம்முறை விடுமுறைக்கு உங்கள் பிள்ளைகள் எங்கே போனாலும் அந்தக் கனத்தோடு திரும்பி வரட்டும். அல்லாஹ் நம் பிள்ளைகளையும், நமக்காகக் காய் வெட்டும் அந்தப் பிள்ளைகளையும் காத்தருள்வானாக. ஆமீன்.